பாய்மரக் கயாக்கில் மரமும் சுருட்டுக் கயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த வகைப் படகைப் பற்றியது? அதில் பாய் எவ்வாறு சுருள்கிறது?

துடுப்பாலோ மிதிப்பானாலோ செலுத்தும் குறுகலான சிறுபடகே கயாக். அதில் பொருத்தும் பாய்களில் பல வகைகள் உண்டு. இங்கே பேசப்படுவது, பாயைத் தாங்கும் மரமே தன் அச்சில் சுழன்று பாயைத் தன்மேல் சுருட்டிக்கொள்ளும் வகை மட்டுமே. ஹோபி நிறுவனத்தின் அட்வென்ச்சர் ஐலண்ட், டேண்டம் ஐலண்ட் ஆகிய இரண்டும் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இருவர் அமரும் டேண்டம் ஐலண்ட் 18½ அடி நீளமும் 90 சதுர அடிப் பாயும் கொண்டது. இரு பக்கமும் மிதவைகள் உண்டு, பாயின் அடியில் கட்டை கிடையாது, மரத்தைத் தாங்கும் கம்பிகளும் கிடையாது. மேல்தட்டிலிருந்து படகின் அடிவரை செல்லும் ஒரு குழாய்க்குள் மரம் செருகி நிற்கிறது. மேல்தட்டுக்குச் சற்று மேலே மரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு டிரம் இருக்கிறது. அந்த டிரம்மில் சுற்றியுள்ள சுருட்டுக் கயிறு, வளையங்கள் வழியாக இருக்கைக்கு அருகில், கயிற்றைப் பற்களால் கடித்துப் பிடிக்கும் கிளீட்டுக்கு வந்து சேர்கிறது.

கயிற்றை இழுத்தால் டிரம்மும் மரமும் சுழன்று பாய் சுருளும். கயிற்றைக் கிளீட்டிலிருந்து விடுவித்து, பாயின் பின்மூலையைப் பிடித்திருக்கும் ஷீட் கயிற்றை இழுத்தால் பாய் விரியும். அப்போது மரம் எதிர்த்திசையில் சுழல்வதால் சுருட்டுக் கயிறு மீண்டும் டிரம்மில் ஏறும். ஒரு கயிறு வெளியே வரும்போது மற்றொன்று உள்ளே போகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் பழுதுகளில் பெரும்பாலானவற்றின் காரணம் எளிதில் விளங்கும்.

சுருட்டுக் கயிறு இழுக்க முடியாத அளவுக்குக் கனக்கிறது. எங்கிருந்து ஆராயத் தொடங்க வேண்டும்?

மரத்திலிருந்து. கயிறு கையில் கனப்பதால் கயிற்றையோ கிளீட்டையோ குறை சொல்லிப் புதிதாக வாங்கி மாட்டுபவர்கள் பலர், அதற்குப் பிறகும் கனம் குறையாததைக் கண்டு திகைக்கிறார்கள். ஆகவே காற்றில்லாத வேளையில் படகைத் தரையில் வைத்து, சுருட்டுக் கயிற்றை டிரம்மிலிருந்து முழுவதும் தளர்த்திவிட்டு, பாய் சுருண்ட நிலையில் மரத்தை வெறும் கையால் சுழற்றிப் பாருங்கள். இரு விரல்களும் கட்டைவிரலும் போதுமென்ற அளவுக்கு அது எளிதாகச் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் பழுது மரத்தின் அடியிலோ மேல்தட்டு வளையத்திலோ இருக்கிறது. கயிற்றை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

மரம் எளிதாகச் சுழன்றால், அடுத்து கயிறு வரும் பாதையைப் பார்க்க வேண்டும். கயிறு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உராய்வு கூடுகிறது, அதுவும் கூட்டலாக அல்ல, பெருக்கலாகக் கூடுகிறது. உராய்வுக் கெழு 0.2 என்று கொண்டால், சுழலாத ஒரு வளையத்தில் கயிறு 90 பாகை திரும்பும் இடத்தில் இழுவிசை சுமார் 1.4 மடங்காகும், 180 பாகை திரும்பினால் ஏறத்தாழ 1.9 மடங்காகும். இப்படி முழுதாகத் திரும்பும் இடங்கள் இரண்டு இருந்தால், டிரம்மில் 5 கிலோ இழுவை கிடைக்கக் கையில் 18 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். வளையத்தில் உப்பு படிந்து சொரசொரப்பாகிவிட்டால் கனம் இன்னும் ஏறும். கூர்மையாகத் திரும்பும் இடத்தில் மட்டுமாவது வளையத்தை எடுத்துவிட்டு, பந்துத் தாங்கி கொண்ட சிறு கப்பி ஒன்றைப் பொருத்துவது, இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் சீரமைப்புகளிலேயே குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது என்பது என் கருத்து.

இவை இரண்டும் சரியாக இருந்தும் தண்ணீரில் மட்டும் கனக்கிறது என்றால், பாயில் காற்று நிறைந்திருக்கும்போதே சுருட்ட முயல்கிறீர்கள் என்று பொருள். தாங்குகம்பி இல்லாத மரம் காற்றின் சுமையில் வளைகிறது. வளைந்த மரம் குழாய்க்குள் இரு இடங்களில் பக்கவாட்டாக அழுந்துவதால் சுழல மறுக்கிறது. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்று வரும் திசைக்கு அருகில் கொண்டுவந்து, ஷீட்டைத் தளர்த்தி, பாயிலிருந்து காற்று வடிந்த பிறகு இழுத்தால் அதே கயிறு இலகுவாக வரும்.

தொடக்கத்தில் எளிதாகச் சுருளும் பாய் கடைசிச் சில சுற்றுகளில் கனப்பது பழுதா?

பெரும்பாலும் பழுதல்ல. பாய் முழுதும் விரிந்திருக்கும்போது டிரம்மில் கயிறு நிறைந்து அதன் சுற்றளவு பெரிதாக இருக்கிறது. மரத்தின்மேல் பாய்ச் சுருள் இல்லை. சுருட்டச் சுருட்டக் கயிறு வெளியேறி டிரம் மெலிகிறது, மறுபுறம் பாய்ச் சுருள் தடிக்கிறது. ஆகவே நெம்புதிறன் குறைந்துகொண்டே வர, எதிர்க்கும் விசையின் கரம் நீண்டுகொண்டே போகிறது. கடைசிச் சுற்றுகளில் ஷீட்டை இன்னும் சற்றுத் தளர்த்துவதே போதும்.

மரம் கையால் சுழற்றினாலும் இறுக்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

மணல்தான் முதல் காரணம். கரையில் மரத்தை நிறுத்தும்போது அதன் அடிமுனை மணலைத் தொட்டிருந்தால், அந்த மணல் குழாயின் அடிக்குச் சென்று, மரத்தின் கனம் முழுவதும் தாங்கும் இடத்தில் அரைபட்டுக்கொண்டே இருக்கும். மரத்தை உருவி எடுத்து, குழாய்க்குள் நன்னீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். நீரை வெளியேற்றப் படகைக் கவிழ்க்க வேண்டும் அல்லது பஞ்சு கட்டிய குச்சியால் ஒற்றி எடுக்க வேண்டும். மரத்தின் அடிமுனையையும் மேல்தட்டு வளையத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தால் கீறல்கள் தெரியும். ஆழமற்ற கீறல்களை 400 எண் நீர்க்காகிதத்தால் தேய்த்து மழுங்கச் செய்யலாம்.

கிரீஸ் தடவ வேண்டாம். தடவிய அன்று மரம் அருமையாகச் சுழலும். பிறகு ஒட்டிக்கொள்ளும் மணல் அந்தக் கிரீஸைத் தேய்ப்புப் பசையாகவே மாற்றிவிடும். உலர்ந்து படியும் டெஃப்லான் தெளிப்போ சிலிகான் தெளிப்போ போதும்.

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு தேய்ந்து மரம் சிறிது கீழே இறங்கிவிடுவதும் உண்டு. அப்படி இறங்கினால் டிரம்மின் அடி விளிம்பு மேல்தட்டில் உரசும். டிரம்முக்கும் மேல்தட்டுக்கும் இடையே இருந்த இடைவெளி எவ்வளவு என்பதைப் படகு புதிதாக இருக்கும்போதே அளந்து குறித்து வைத்திருந்தால், பிற்காலத்தில் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

இதற்கு நேர்மாறாக, மேல்தட்டு வளையம் தேய்ந்து மரம் கடகடவென ஆடினால், அதையும் உடனே கவனிக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வோர் அலையிலும் மரம் குழாயை அடிக்கிறது. வளையத்தை மாற்றுவதே முறை. மாற்று வளையம் வரும்வரை, மரத்தில் அந்த உயரத்தில் வழுவழுப்பான பாலித்தீன் ஒட்டுநாடாவைச் சுற்றி இடைவெளியை நிரப்பலாம். துணிநாடா அல்லது மின்கம்பி நாடா ஈரத்தில் சுருண்டு மரத்தை இறுக்கிவிடும்.

டிரம்மில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்கிறது. ஏன்?

கயிறு தளர்வாக ஏறுவதால். பாயை விரிக்கும்போது சுருட்டுக் கயிற்றைக் கிளீட்டிலிருந்து எடுத்து அப்படியே விட்டுவிட்டால், காற்று பாயைப் பிடுங்கி மரத்தை வேகமாகச் சுழற்றும். டிரம் தளர்ந்த கயிற்றை அள்ளிச் சுற்றிக்கொள்ளும். அடுத்த முறை இழுக்கும்போது, மேலே இருக்கும் சுற்று தளர்ந்த அடிச்சுற்றுகளின் இடையே புதைந்து இறுகிக்கொள்கிறது. தளர்ந்து தொங்கிய சுற்று டிரம்மின் விளிம்பைத் தாண்டி அதன் அடியில் நழுவி மரத்தைச் சுற்றிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே பாயை விரிக்கும் ஒவ்வொரு முறையும் சுருட்டுக் கயிற்றை உள்ளங்கையில் மெல்லப் பிடித்தபடி, ஒன்றிரண்டு கிலோ இழுவையோடு அது நழுவிச் செல்ல விடுங்கள். ஒரு கை ஷீட்டை இழுக்கட்டும், மறு கை இதைத் தடுத்துத் தடுத்து விடட்டும். இந்தப் பழக்கம் ஒன்று கைவந்துவிட்டால் சிக்கல்களில் பெரும்பகுதி அதோடு நின்றுவிடும். அது கைவராதவரை எந்த விலையுயர்ந்த டிரம்மும் உதவாது.

பழக்கம் சரியாக இருந்தும் சிக்கினால், டிரம்முக்கு முன்னால் உள்ள கடைசி வளையத்தின் உயரத்தைப் பாருங்கள். கயிறு டிரம்மின் இரு விளிம்புகளுக்கும் நடுவில், மரத்துக்குச் செங்குத்தாக வந்து சேர வேண்டும். வளையம் தாழ்வாக இருந்தால் கயிறு அடி விளிம்பிலேயே குவிந்து மலைபோல் ஏறி, ஒரு கட்டத்தில் சரிந்து விழும். அந்த வளையத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டை வைத்துச் சில மில்லிமீட்டர் உயர்த்துவதே பல படகுகளில் போதுமான தீர்வாக இருக்கும்.

நடுக்கடலில் கயிறு சிக்கிப் பாயைச் சுருட்ட முடியவில்லை, காற்றும் வலுக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். புதைந்த சுற்றை மேலும் இழுத்தால் அது மேலும் இறுகும்.

ஷீட்டை முழுவதும் விட்டுவிடுங்கள். தாங்குகம்பி இல்லாத மரம் என்பதால் பாய் எந்தத் திசைக்கும் கொடிபோலத் திரும்பிக்கொள்ள முடியும்; படகு வேகம் இழக்கும். மிதிப்பானையோ துடுப்பையோ கொண்டு அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். நீர் ஆழமற்றதாக இருந்தால் அணியத்திலிருந்து நங்கூரம் இடுவது மிக நல்லது, ஏனெனில் அப்போது இரு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்.

அடுத்து ஷீட்டை மெல்ல இழுத்து மரத்தைப் பாய் விரியும் திசையில் கால் சுற்று சுழற்ற முயலுங்கள். கயிறு புதைந்த திசைக்கு எதிராக டிரம் சிறிது திரும்பினாலே இறுக்கம் தளர்ந்து, சிக்கிய சுற்றை விரலால் தூக்கி எடுக்க இடம் கிடைக்கும். பாய் ஏற்கெனவே முழுதும் விரிந்திருந்தால் இந்த வழி இராது. அப்போது டிரம்முக்கு அருகில் கயிற்றைப் பிடித்து, இழுக்கும் திசைக்குக் குறுக்காக மேலும் கீழும் அசைத்துப் புதைந்த சுற்றை வெளியே எடுக்க வேண்டும்.

அதுவும் முடியாதபோது டிரம்மை மறந்துவிட்டு மரத்தையே இரு கைகளாலும் பற்றிச் சுழற்றிச் சுருட்டுங்கள். டிரம்முக்கு அருகிலுள்ள கயிறு தடையாக இருந்தால் அறுத்துவிடலாம். கயிறு மலிவானது, உயிர் அப்படியல்ல. சுருட்டி முடித்ததும் ஷீட் கயிற்றை அந்தச் சுருளைச் சுற்றி நான்கைந்து முறை சுற்றிக் கட்டிவிட்டால் காற்று அதைத் திறக்காது. இந்த வேலைகளை இருக்கையிலிருந்து எட்டிச் செய்ய முடிகிறதா என்பதை அமைதியான நாளில் கரையோரம் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஊர்ந்து செல்ல வேண்டியிருந்தால் அணியம் தாழும் என்பதையும், உயிர்காப்பு அங்கியும் படகோடு பிணைக்கும் கயிறும் இல்லாமல் அங்கே போகக் கூடாது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்வீர்கள்.

ஃபுளோரிடாவில் டாம்பா விரிகுடாவிலிருந்து கீ லார்கோ வரை ஏறத்தாழ 300 மைல் செல்லும் எவர்கிளேட்ஸ் சேலஞ்ச் என்ற சிறுபடகுப் போட்டியில் இத்தகைய கயாக்குகளும் கலந்துகொள்வதுண்டு. 2015 மார்ச்சில் அப்போட்டி தொடங்கிய நாளிலேயே திடீர்ப் பெருங்காற்றில் படகுகள் கவிழ்ந்து, பலர் மீட்கப்பட்டு, கடலோரக் காவல்படை போட்டியை நிறுத்தச் செய்தது. காற்று திடீரென எழும்போது பாயைக் குறைக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்காகவே இந்தக் கயிறு தடையின்றி ஓட வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

பாய் முழுதும் சுருளும் முன்பே கயிறு தீர்ந்துவிடுகிறது. டிரம்மில் எத்தனை சுற்று இருக்க வேண்டும்?

பாயைச் சுருட்ட மரம் எத்தனை முறை சுழல்கிறதோ அத்தனை சுற்றுகளும், அவற்றோடு நான்கு சுற்றுகளும் இருக்க வேண்டும். கூடுதலான நான்கில் இரண்டு, சுருண்ட பாயைச் சுற்றி ஷீட் இருமுறை சுற்றிக்கொள்வதற்கு. மற்ற இரண்டு, முடிச்சின்மேல் நேராகச் சுமை விழாமல் டிரம்மிலேயே தங்கியிருப்பதற்கு.

எண்ணிக்கையை அறிய மரத்தில் ஒரு ஒட்டுநாடாத் துண்டை அடையாளமாக ஒட்டி, கையால் சுருட்டி எண்ணிவிடலாம். கணக்கிட்டும் பார்க்கலாம். பாயின் அடியகலம் 200 செ.மீ., மரத்தின் விட்டம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 15.7 செ.மீ. பாய் மட்டுமே சுருளும்; சுருள் தடிக்கத் தடிக்கச் சராசரி விட்டம் 6.5 செ.மீ. ஆகுமானால் ஒரு சுற்றுக்கு 20 செ.மீ. சுருளும். ஆக, சுமார் 10 சுற்றுகள் வேண்டும்; டிரம்மில் 14 சுற்றுகள் ஏற்ற வேண்டும்.

அளவுக்கு மீறி ஏற்றுவதும் தவறு. டிரம் நிரம்பி வழியும்போது கயிறு விளிம்பைத் தாண்டி விழும். மாறாக, பாய் முழுதும் விரிய மறுத்தால், கயிற்றின் இருக்கைப் பக்க முனையிலுள்ள தடுப்பு முடிச்சு முன்கூட்டியே கிளீட்டில் போய் இடிக்கிறதா என்று பாருங்கள். அங்கே கயிறு கைநீளம் ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும்.

எந்தக் கயிறு பொருத்தமானது?

4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள, பின்னலுறை கொண்ட பாலியெஸ்டர் கயிறு. நைலான் நனைந்தால் நீள்கிறது. பாதி சுருட்டிய பாய் அந்த நீட்சியால் சற்று விரிந்துவிடும். டைனீமா என்ற செயற்கையிழைக் கயிறு வலிமையானதுதான், ஆனால் வழுவழுப்பு மிகுந்ததால் கிளீட்டில் நழுவும், முடிச்சும் நழுவும். இங்கே வலிமை நமக்கு முதன்மையான தேவையல்ல. பிடிப்பும் நீளாமையுமே தேவை. 3 மி.மீ. கயிறு டிரம்மில் நன்றாக அடங்கும், ஆனால் ஈரக் கையை அறுக்கும், பல கிளீட்டுகளின் பற்களுக்கும் அது மெல்லியது.

டிரம் சிறிதாகவும் கை பெரிதாகவும் இருப்பவர்களுக்குப் பாய்மரக் கப்பல்களில் நெடுங்காலமாகக் கையாளப்படும் ஒரு நல்ல வழி இருக்கிறது. உறையும் உள்ளிழையும் தனித்தனியாகப் பின்னப்பட்ட 5 மி.மீ. கயிற்றை வாங்கி, டிரம்மில் ஏறும் பகுதியிலிருந்து மட்டும் உள்ளிழையை உருவி எடுத்துவிட வேண்டும். அப்பகுதி தட்டையாகி டிரம்மில் அடுக்காகப் படியும், கையில் பிடிக்கும் பகுதி தடிமனாகவே இருக்கும். உள்ளிழை முடியும் இடத்தில் சில தையல்கள் போட்டு அதை உறையோடு இணைத்துவிட வேண்டும். வலிமை கணிசமாகக் குறையும் என்றாலும், கயாக் அளவிலான பாய்க்கு மிஞ்சும் வலிமை போதுமானது. சுமையை உள்ளிழையே தாங்கும்படி செய்யப்பட்ட கயிறுகளில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதியதை மாற்றுவது எவ்வாறு?

பழைய கயிற்றை உருவி எடுக்கும் முன், அதன் முனையோடு புதிய கயிற்றின் முனையை ஊசி நூலால் முட்டவைத்துத் தைத்து, நாடா சுற்றி, பழையதை இழுத்தே புதியதை எல்லா வளையங்கள் வழியாகவும் கொண்டுவந்துவிடுங்கள். படகின் உடலுக்குள் கயிறு செல்லும் வடிவமைப்புகளில் இதைச் செய்யத் தவறினால் பிறகு பெருந்தொல்லை.

பாயை முழுதும் சுருட்டி, ஷீட்டை அதைச் சுற்றி இருமுறை சுற்றுங்கள். கயிற்றின் முனையை நெருப்பில் காட்டி உருக்கி, டிரம்மின் துளைக்குள் நுழைத்து எட்டு வடிவ முடிச்சிட்டு, முடிச்சு உட்புறமாக அமரும்படி இழுங்கள். வெளியே துருத்தி நிற்கும் முடிச்சு அதன்மேல் வரும் சுற்றுகளை ஒழுங்காகப் படிய விடாது. இனித் திசை. பாய் விரியும்போது மரம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ, அந்தச் சுழற்சியில் கயிறு டிரம்மில் ஏற வேண்டும். அந்தத் திசையில் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பிறகு ஷீட்டை இழுத்துப் பாயை விரித்தால் மீதிச் சுற்றுகள் தாமாகவே ஏறிவிடும். அப்போதும் கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். திசை மாறிப்போனால் பாயின் வெயில்காப்புப் பட்டை சுருளின் உட்புறம் போய்விடும். அதைக் கண்டதும் பிரித்து மீண்டும் சுற்றிவிடுங்கள்.

கிளீட் கயிற்றைப் பிடிக்காமல் வழுக்குகிறது. கிளீட்டை மாற்ற வேண்டுமா?

முதலில் வெந்நீரில் கழுவிப் பாருங்கள். இரு பற்சக்கரங்களும் ஸ்பிரிங்கின் விசையால் ஒன்றையொன்று நோக்கி முழுதாகத் திரும்பாதபடி உப்பு அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும். கழுவியபின் பற்களின் முனை மழுங்கியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள். மழுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கயிறு கிளீட்டுக்கு நேர்கோட்டில் வராமல் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தாலும் பிடிப்பு குறையும்.

மாற்றும்போது, பாலித்தீன் உடலில் மரத்திருகு போன்ற தானே துளையிடும் திருகுகளை மட்டும் நம்ப வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக் மென்மையானது, புரி விரைவில் கழன்றுவிடும். உட்புறம் கை எட்டினால் போல்ட், அகலமான வாஷர், நட்டு ஆகியவற்றைக் கொண்டு இறுக்குங்கள். எட்டாவிட்டால், இறுக்கும்போது உட்புறம் புடைத்துப் பிடிக்கும் ரப்பர் நட்டு ஏற்றது.

பாதி சுருட்டிய பாயோடு ஓடும்போது படகு காற்றை விட்டு விலகிச் செல்கிறது. மரம் கோணலா?

மரத்தில் குறையில்லை. பாய் மரத்தை நோக்கிச் சுருள்வதால் எஞ்சிய பாயின் விசைமையம் முன்னோக்கி நகர்கிறது. அதனால் அணியம் காற்றின் போக்கில் தள்ளப்படுகிறது. சுக்கானைச் சிறிது எதிர்த்துப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது சுமையைச் சற்று முன்னுக்கு நகர்த்திப் பார்க்கலாம். ஷீட்டின் இழுப்புக் கோணமும் மாறிவிடுகிறது; ஷீட் கப்பியை முன்னுக்குக் கொண்டுவர வழியிருந்தால் பாயின் மேற்பகுதி படபடப்பது குறையும்.

பாதிச் சுருள் தானாகவே மெல்ல விரிந்தால் கிளீட் நழுவுகிறதென்று பொருள். கயிறு நழுவாமலேயே பாய் தளர்ந்தால், சுருட்டும்போது ஷீட்டை முழுவதும் விட்டுவிட்டு உப்பலாகச் சுருட்டியிருக்கிறீர்கள். சிறிய இழுவையோடு மீண்டும் சுருட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு சுருண்ட நிலைகளுக்குக் கயிற்றில் வண்ண நூலால் தையல் அடையாளம் இட்டுவைத்தால் இருளிலும் விரலால் தடவி அறியலாம்.

இரண்டு துண்டு மரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது.

இணைப்பில் நுண்மணலும் உப்பும், அலுமினியமாக இருந்தால் அதன் வெண்துருவும் இறுகியிருக்கும். நன்னீரில் நனைத்த துணியை இணைப்பின்மேல் சுற்றி ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் வெந்நீரை வெளித்துண்டின்மேல் மட்டும் ஊற்றி, இருவர் இரு பக்கமும் பிடித்து முறுக்கியபடியே இழுக்க வேண்டும். முறுக்காமல் நேராக இழுப்பது பயன்தராது. பைப் ரெஞ்சு வேண்டாம். அதன் பற்கள் பதியும் இடத்திலிருந்தே பின்னாளில் விரிசல் தொடங்கும். பட்டையால் சுற்றிப் பிடிக்கும் ரெஞ்சு பாதுகாப்பானது.

பிரித்தபின் இரு பரப்புகளையும் கழுவி உலர்த்தி மெழுகு தேயுங்கள். கார்பன் துண்டும் அலுமினியத் துண்டும் நேரடியாகத் தொடும் மரமாக இருந்தால், உப்புநீரில் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். அங்கே மின்கடத்தாத கடற்பசை தடவுவது கட்டாயம். ஸ்டெயின்லெஸ் ரிவெட்டுகள் அலுமினியத்தில் பதிந்த இடங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கடலில் ஓட்டியபின் மரத்தைப் பிரித்து வைப்பதே இந்தத் தொல்லைக்கு உண்மையான தடுப்பு.

மரத்தில் மெல்லிய விரிசல் தெரிகிறது. இன்னும் ஓட்டலாமா?

எங்கே தெரிகிறது என்பதைப் பொறுத்தது. தாங்குகம்பி இல்லாத மரத்தில் வளைவிசை உச்சத்தை அடையும் இடம் மேல்தட்டு வளையத்தின் உயரம். அங்கிருந்து ஒரு சாண் மேலும் கீழும் மரத்தைச் சுற்றி ஓடும் விரிசலோ, கண்ணாடியிழையில் வெண்மை படர்ந்த பட்டையோ தெரிந்தால் அந்த மரத்தோடு கடலுக்குப் போகக் கூடாது. நீளவாக்கில் செல்லும் மேற்பூச்சுக் கீறல் அவ்வளவு அஞ்சத்தக்கதல்ல. ஆயினும் நகத்தால் கீறி, ஆழம் தட்டுப்படுகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இணைப்புக்குச் சற்று மேலே ஏற்பட்ட விரிசலை, உள்ளே பொருந்தும் குழாய் ஒன்றைச் செருகி எப்பாக்ஸியால் ஒட்டிச் சீர்செய்யலாம். விரிசலின் இரு பக்கமும் அக்குழாய் மரத்தின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது நீள வேண்டும். மேல்தட்டு உயரத்தில் இதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். அதேபோல் விளக்குக்காகவோ கப்பிக்காகவோ அந்த உயரத்தில் துளையிடவே கூடாது.

மரம் நிற்கும் குழாய் கசிகிறதா என்று எவ்வாறு அறிவது?

ஒவ்வொரு முறையும் படகுக்குள் கொஞ்சம் நீர் சேர்ந்தால் ஐயத்துக்குரிய இடங்களில் இதுவும் ஒன்று. மரத்தை எடுத்துவிட்டு, குழாயில் விளிம்புவரை நீர் நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் விரிசல் உண்டு. எந்த உயரத்தில் இறக்கம் நிற்கிறதோ, ஏறத்தாழ அதே உயரத்தில் விரிசல் இருக்கும்.

பாலித்தீனில் சாதாரண எப்பாக்ஸி, சிலிகான், ரெசின் எதுவும் நிலைத்து ஒட்டாது. அதே பாலித்தீனால் ஆன கம்பியைக் கொண்டு சூடாக்கி ஒட்டுவதே சரியான முறை; இதில் பழகிய ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நெகிழும் எப்பாக்ஸியைப் பயன்படுத்துவதென்றால், ஒட்டும் முன் பரப்பைச் சொரசொரப்பாக்கி, எரிவாயுச் சுடரை அதன்மேல் வேகமாக ஒருமுறை தடவ வேண்டும். அப்படிச் செய்தால்தான் ஒட்டும் தன்மை வருகிறது. குழாயின் அடியில் விரிசல் கண்டிருந்தால், அடிப்பதற்கு இடங்கொடுத்த தேய்ந்த வளையத்தையும் சேர்த்து மாற்றாமல் ஒட்டிப் பயனில்லை.

படகு கவிழ்ந்தால் மரம் குழாயிலிருந்து நழுவி வெளியே வந்துவிடுமா?

பூட்டு இல்லாவிட்டால் வந்துவிடும். மரத்தை மேலெழாமல் தடுத்து, சுழல மட்டும் விடுகிற பூட்டு உங்கள் படகில் இருந்தால் ஒவ்வொரு முறையும் அதைப் போட்ட பிறகே படகை நீரில் தள்ளுங்கள். பூட்டு இல்லையென்றால், டிரம்முக்கு மேலே மரத்தைத் தளர்வாகச் சுற்றிய ஒரு கயிற்று வளையத்தை, டிரம்மின் சுழற்சியிலும் சுருட்டுக் கயிற்றின் ஓட்டத்திலும் உரசாதபடி மேல்தட்டுக் கொக்கியோடு கட்டுங்கள்.

மரத்தை நிறுத்தும்போது எதில் மிகுந்த கவனம் வேண்டும்?

மின்கம்பிகளில். அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கண்ணாடியிழை மரத்தையும் நம்பிவிட முடியாது. படகு இறக்கும் துறைகளிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் தலைக்கு மேல் கம்பி செல்வது அரிதல்ல. ஹோபி 16 என்ற இரட்டையுடல் படகின் மரத்தில், இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, 1980களில் மேற்பகுதியை மின்கடத்தாத பொருளால் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே நீரோரத்துக்குப் படகைக் கொண்டுசென்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, பாயைச் சுருட்டிக் கட்டிய நிலையில் மட்டுமே மரத்தைத் தூக்குங்கள். அடிமுனையைக் குழாயின் வாயில் வைத்துவிட்டு ஒருவர் மரத்தை நேராகப் பிடிக்க, மற்றவர் இறக்குவது பாதுகாப்பானது. காற்று வீசும்போது தனியாகச் செய்தால் பாதி இறங்கிய மரம் சாய்ந்து குழாயின் விளிம்பைப் பிளந்துவிடும்.

பயன்படுத்தாத காலத்தில் பாயையும் கயிற்றையும் எப்படி வைப்பது?

நன்னீரில் கழுவி, நிழலில் முழுதாக உலர்த்தி, பாயைத் தளர்வாகச் சுருட்டி, உறையிட்டுப் படுக்கையாக வையுங்கள். இரு முனைகளில் மட்டும் தாங்கிய மரம் நாளடைவில் தொய்ந்துவிடும். நடுவிலும் ஒரு தாங்கல் வேண்டும். சுருட்டுக் கயிற்றை டிரம்மிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. ஆனால் கிளீட்டின் பற்களுக்கிடையே அதை விட்டுவைக்காதீர்கள். மாதக்கணக்கில் அழுந்திய இடம் தட்டையாகி, அடுத்த பருவத்தில் சரியாக அந்த இடத்தில்தான் நழுவும். கயிற்றைப் பாதுகாப்பதற்கு வெயில் படாமல் மூடி வைத்தாலே போதும்.